மழைக்குள் நின்ற வெளிச்சம்

சேலைக் கரையில் பிடித்த செம்மண் எத்தனை முறை அலசியும் போகவில்லை. விமலகுமாரி இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்து மணி அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு உடுத்திப் போக அவளிடம் இருந்தவை இரண்டே சேலைகள். மற்றது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கரையைக் கொசுவத்துக்குள் மடித்துக்கொண்டு ஓடினாள்.

தெற்றிவிளை மிஷன் பள்ளிக்கூடத்தின் படியில் ஹெட்மாஸ்டர் ஞானசிகாமணி நின்றிருந்தார். சபைக்கு மட்டும் உடுத்தும் சரிகைக் கரை வேட்டி அவரை வழக்கத்தைவிட உயரமாகக் காட்டியது.

"டீச்சரே, நேத்து அந்திக்கு எங்க நிண்ணிய?"

"வீட்டிலதான் சார்."

"வீட்டில நிண்ணா சேலையில சூளை மண்ணு எப்படி ஏறும்?"

அந்த வட்டாரத்தில் அந்தச் சிவப்பு ஒரே இடத்தில்தான் உண்டு, செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளத்தில். முந்தின நாள் மாலை தடையை மீறி அங்கே ஒரு கூட்டம் நடந்திருந்தது.

கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேரலாம், நெய்யாற்றின்கரைத் தாலுகா மலையாளத்தோடு இருக்கட்டும் என்று மாநில எல்லை வகுக்கும் டெல்லிக் கமிஷன் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெற்றிவிளை, பாறசாலைக்குத் தெற்கே, கோட்டுக்கு மலையாளப் பக்கம் மாட்டிக்கொண்ட ஊர். எங்களையும் அந்தப் பக்கம் சேருங்கள் என்று கேட்கத்தான் கூட்டம். அதற்குப் போகிற வாத்தியார்களுக்கு வேலை இருக்காது என்று பள்ளி மேனேஜர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

விமலகுமாரி நான்கு வருஷமாகத் தற்காலிக டீச்சர். இந்த வருஷம் நிரந்தரமாக்கும் உத்தரவு வரும் என்று பேச்சு. அந்தச் சம்பளத்தில்தான் அவளும் தம்பி விஜயதாசும் கஞ்சி குடித்தார்கள். போன வருஷத்துப் போராட்டத்தில் ஊர்வலம் போன விஜயதாஸ் தடியடியில் முழங்கால் உடைந்தவன். அன்று முதல் வீட்டு நடையைத் தாண்டியதில்லை.

அவன் சொல்லித்தான் அவள் கூட்டத்துக்குப் போனாள். போனதை ஒத்துக்கொண்டால் நாளைக்குக் கஞ்சி இல்லை.

"சூளைப் பக்கமாட்டுதான் வந்தேன் சார்," என்றாள். "கூட்டத்துக்கு இல்ல. வந்து…"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு அது அவசரத்துக்கு வராது. கண் திறந்திருந்த வகுப்பறைக்குள் போனது. ஒன்றாம் வகுப்புச் சுவரில், பெத்லகேம் மேய்ப்பர்கள் ஆடுகளை மறந்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் படம் தொங்கியது.

"வானத்தில ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது சார். அதையே பாத்திட்டு நடந்தேன். கீழ பள்ளம் கெடந்தது தெரியல்ல."

ஹெட்மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"நேத்து அந்திக்கு மழையில்லா பெய்தது?"

"மழைக்குள்ளதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"நீலமாட்டா இருந்தது, மஞ்சளாட்டா?"

"மஞ்சள்…"

"ஆமா, மஞ்சள்தான்," என்றார் ஹெட்மாஸ்டர். "நானும் பாத்தேன்."

விமலகுமாரிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஊரில் யாருக்கு எது கிடைத்தாலும் தனக்கும் ஒன்று கிடைத்ததாகச் சொல்கிற மனிதர் அவர். ஒருத்திக்கு வானம் திறந்தால் அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாரா? போகட்டும், வேலை தப்பியது என்று வகுப்புக்குள் போனாள்.

கூட்டத்தில் உண்மையில் அவள் பார்த்தது குடைகளை மட்டுந்தான். ஐப்பசி மழை. பள்ளம் நிறைய ஓலைக்குடையும் சீலைக்குடையும். முகம் தெரியாதபடி எல்லாரும் தாழ்த்திப் பிடித்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்தவர் தணிந்த குரலில் சொன்னார்: "யாரும் பேர் சொல்ல வேண்டாம். பேசவும் வேண்டாம். தமிழ்நாட்டோட சேரணும்னு நெனைக்கியவங்க கைய மட்டும் நீட்டுங்க. இந்த ஊரில இத்தன கை உண்டுன்னு நான் டெல்லி வரைக்கும் சொல்லுகேன்."

குடைகளுக்கு அடியிலிருந்து கைகள் மழைக்குள் நீண்டன. தோர்த்துத் துண்டால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிய ஒருவர், ஒவ்வொரு கைக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டே வந்தார். விமலகுமாரி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஆளுக்கு ஒரு கையாக்கும்," என்றது தோர்த்து, சளி பிடித்த குரலில்.

"மத்தது எனக்க தம்பிக்க கை. அவனால நடக்க முடியாது."

தோர்த்து குனிந்து அந்த இரண்டாவது கையைப் பார்த்தது. பிறகு சிரட்டையில் இரண்டு கொட்டைகள் விழுந்தன.

அந்தக் குடைகளெல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவை என்றே அவள் நினைத்தாள். தெற்றிவிளையில் யாருக்கு அந்தத் துணிச்சல்? கூட்டம் என்ற சொல் காதில் விழுந்தாலே ஹெட்மாஸ்டர் ஜன்னலைச் சாத்துவார். உபதேசியார் ரெத்தினதாஸ், அதிகாரமுள்ளவர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று வாராவாரம் பிரசங்கம் செய்தார். சாயாக்கடைச் சுயம்பு, 'அரசியல் பேசப்படாது' என்று கடைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியே வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து கொட்டை விழுந்த கதையைச் சொன்னபோது விஜயதாஸ் ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தான்.

"ரெண்டு கொட்டையா? சத்தம் கேட்டியா?"

"கேட்டேன்."

"எனக்க கொட்டைக்குத்தான் சத்தம் கூடுதலா இருந்திருக்கும் அக்கா."

மதியம் பள்ளிக்கூடத்துக்குக் கான்ஸ்டபிள் சத்தியதாஸ் வந்து சைக்கிளை அயனி மரத்தில் சாய்த்தார். திருப்புறம் ஊர்க்காரர். வீட்டில் அவருக்கும் தமிழ்தான் என்று சொல்வார்கள். உடுப்பை மாட்டிவிட்டால் மலையாளம் தவிர ஒரு சொல் வாயில் வராது. மலையாளத்தில் திட்டுவார், மலையாளத்தில் இருமுவார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்று நிறைய இருமினார்.

"இன்னலெ சூளையில் ஆரெல்லாம் போயி?" என்று கேட்டார். நேற்று சூளைக்கு யார் யார் போனது என்று.

விமலகுமாரி வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். "எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க ரெண்டு பேரும் வானத்தையில்லா பாத்திட்டு நிண்ணோம். வெளிச்சம்."

"மழயத்தோ?"

"மழைக்குள்ளதான்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கான்ஸ்டபிள் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். விமலகுமாரியைப் பார்த்தார். அவள் சேலைக் கரையைப் பார்த்தார். "ஓ," என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சாயாக்கடையைக் கடக்கும்போது சுயம்பு கடையை விட்டு இறங்கி ஓடி வந்தான்.

"டீச்சரே, வெளிச்சத்தப் பத்தி ஹெட்மாஸ்டர் சொன்னாரு. நானும் பாத்தேனாக்கும்."

"ஓ."

"நேத்து அந்திக்குக் கடைய அடச்சிட்டு எங்க போனேன்னு வீட்டில போட்டு அரிச்செடுக்கா. வெளிச்சம் பாக்கப் போனேன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கா. நீங்க ஒரு வாக்கு சொல்லணும்."

கள்ளுக்குப் போயிருப்பான் என்று விமலகுமாரிக்குத் தோன்றியது. ஆனாலும் பொய்யைப் பெற்றவளே அதன் கழுத்தை நெரிக்க முடியாதே. அவன் மனைவியிடம் போய், "ஆமா, வெளிச்சம் வந்தது," என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் அதைக் கிணற்றடியில் சொன்னாள். கிணற்றடியில் சொன்ன எதுவும் தெற்றிவிளையில் மறுநாள் வரை காத்திருந்ததில்லை.

சனிக்கிழமை உபதேசியார் வந்தார். வேதப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நோயாளி வீட்டில ஜெபம் பண்ணிட்டு வந்த வழியில நானும் பாத்தேன் மக்களே. ஆருகிட்டயும் சொல்லாம இருந்தேன். நீ சொன்ன பெறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நாளைக்குச் சபையில நீ சாட்சி சொல்லணும்."

சபையில் எழுந்து நின்று ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வதுதான் சாட்சி. சுகமான காய்ச்சலுக்கும் கிடைத்த வேலைக்கும் சொல்வார்கள். பொய்க்குச் சாட்சி சொன்னவர்களும் உண்டுதான். அவர்களுக்குப் பொய் என்று தெரியாது.

"அது பெருசா ஒண்ணும் இல்ல உபதேசியாரே," என்று குறைக்கப் பார்த்தாள். "வந்த ஒடனே போயிட்டு."

"எந்தப் பக்கம் போச்சு?"

"நாளைக்குச் சபையில சொல்லுகேன்," என்று தப்பித்துக்கொண்டாள். தெற்கே நாகர்கோவில், வடக்கே திருவனந்தபுரம். தெற்கே போனதாகச் சொன்னால் போலீஸ் விடாது. வடக்கே போனதாகச் சொன்னால் தம்பி முகத்தில் முழிக்க முடியாது. ஆகாயத்தில் இல்லாத ஒன்றுக்குக்கூட அந்த வருஷம் ஒரு பக்கம் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் எழுந்தாள். 

"அது எந்தப் பக்கமும் போகல்ல. நம்ம ஊருக்கு நேர மேல நிண்ணுது. நிண்ண இடத்திலயே அணைஞ்சுது."

இதைவிடப் பத்திரமான பதில் இருக்க முடியாது என்று நினைத்து உட்கார்ந்தாள். அதுதான் எல்லாவற்றையும் விட மோசமாகப் போயிற்று.

"தெக்கும் இல்ல, வடக்கும் இல்ல," என்று உபதேசியார் அங்கேயே தொடங்கிவிட்டார். "மழையால அணைக்க முடியாத வெளிச்சம் நமக்கு மேல நிண்ணுது. மனுஷன் போடுற கோடு நம்மளக் கட்டாது."

அடுத்த வாரத்துக்குள் ஊர் மூன்றாகப் பிரிந்தது. உபதேசியார் தேவதூதன் என்றார். பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள ஹெட்மாஸ்டர், அமெரிக்காவில் அடிக்கடி வருகிற பறக்கும் தட்டு என்றார். சுயம்பு, சுடலைமாடன் பிடித்த பந்தம் என்றான். மூன்று கூட்டத்துக்கும் தலை சுற்றியது ஒரே விஷயத்தில்தான். அது ஏன் இந்த ஊருக்கு மேல் நின்றது?

மீன் விற்கும் கிருஷ்ணம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு விமலகுமாரியிடம் முறையிட்டாள்.

"நான் என்ன பாவம் செய்தேன் பிள்ளே? அண்ணைக்கு அந்தி முழுக்க கூரைக்க அடியில இருந்து சாளை கழுவினேன். வானத்தையும் பாத்தேன், மழ எப்ப விடும்னு. ஒரு மின்னாமினுங்கு வரல்ல."

"கண்ணு மட்டும் இருந்தாப் போராது கிருஷ்ணம்மா," என்றான் சுயம்பு கடைக்குள்ளிருந்து. "குடுத்து வச்சிருக்கணும்."

கிருஷ்ணம்மா அழுதாள். விமலகுமாரி தன்னால் அழுத அந்த ஒரு நல்லவளின் முகத்தைப் பார்க்காமல் சாளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலவரி கேட்டுத் தாலுகாக் கச்சேரியிலிருந்து ஆள் வந்த நாளில் விஷயம் கை மீறியது.

"எந்த சர்க்காருக்குக் கரம்?" என்று கேட்டான் சுயம்பு. "வெளிச்சம் நிண்ணது நடுவில. நாங்க இந்த சர்க்காருக்கும் குடி இல்ல, அந்த சர்க்காருக்கும் குடி இல்ல. வெளிச்சத்துக்க குடிகளாக்கும்."

வரி கேட்க வந்தவருக்கு இதற்கு எந்த விதியில் பதில் இருக்கிறது என்று தெரியவில்லை. திரும்பிப் போனார். மறுநாள் சுயம்புவின் கதவில் மஞ்சள் அரைத்து வட்டமாக ஒரு பொட்டு. அதற்கடுத்த நாள் தெரு முழுவதும். உபதேசியார் வீட்டுக் கதவில்கூட, கொஞ்சம் சிறியதாக.

விமலகுமாரி பயந்துபோய் ஹெட்மாஸ்டரிடம் ஓடினாள்.

"சார், உண்மையச் சொல்லிப்போடுகேன். அண்ணைக்கு வெளிச்சம் ஒண்ணும்…"

"இரியுங்க," என்றார் அவர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்ப அதச் சொல்லப்படாது. நீங்க பாக்கல்லன்னா நான் எதப் பாத்தேன்?"

"சார் உண்மையாட்டு பாத்தியளா?"

"டீச்சரே, உங்களுக்கு உத்தரவு வரணுமா, வேண்டாமா?"

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பைத்தியக்காரர்களின் ஊரில் தானே முதல் பைத்தியமாகி, இப்போது தெளியவும் அனுமதி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வரி கொடுக்காத ஊருக்கு வரித் துறை வராது, போலீஸ்தான் வரும். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். ஊரையெல்லாம் பள்ளிக்கூட முற்றத்தில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை. சத்தியதாஸ் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் பேசினார். எல்லாருக்கும் புரிகிற மலையாளம்தான். பயமுறுத்துவதற்குக் கடினமான சொற்கள் தேவைப்படுவதில்லை. இங்கே நடப்பது தமிழ்நாட்டுக்காரர்களின் கலகம் என்று எனக்குத் தகவல் வந்திருக்கிறது, வெளிச்சம் என்பது கூட்டத்துக்கு ஆள் கூட்ட விட்ட வாணம் என்கிறார்கள், ஆகவே இரண்டே கேள்வி கேட்கப் போகிறேன் என்றார்.

"அன்று சூளைக் கூட்டத்துக்குப் போனவர்கள் கையைத் தூக்கலாம். வழக்கு உண்டு. சர்க்கார் சம்பளமோ மிஷன் சம்பளமோ வாங்குகிறவர்களுக்கு நாளை முதல் சம்பளம் இல்லை. மறைத்தவர்களைப் பிறகு கண்டுபிடித்தால் இரண்டு பங்கு."

முற்றத்தில் விமலகுமாரி தன் வலது கையை இடது கையால் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். தூக்கிவிடும் என்று பயமாக இருந்தது. இன்னொரு கையும் இருந்தது, தம்பியுடையது. மழைக்குள் நீட்டியபோது கனமே இல்லாமல் இருந்த அந்தக் கை இப்போது மடியில் கல் மாதிரி கிடந்தது.

யாரும் தூக்கவில்லை. இந்த ஊரில் தன்னைத் தவிர ஒருவரும் போகவில்லையே, பிறகு எங்கிருந்து தூக்குவார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது அவளுக்கு ஊரின் மேல் அருவருப்பாக இருந்தது.

"சரி. வெளிச்சம் பார்த்தவர்கள்?"

"வெளிச்சம் கண்டவர் கை பொக்கு," என்று சத்தியதாஸ் உரக்கச் சொன்னார்.

எல்லாக் கண்களும் முதல் சாட்சியைத் திரும்பிப் பார்த்தன. விமலகுமாரி கையைத் தூக்கினாள். ஒரு கைதான்.

அடுத்தது ஹெட்மாஸ்டர். பிறகு உபதேசியார், சுயம்பு. பிறகு நிறையப் பேர். வெளிச்சத்தைப் பற்றி இதுவரை மூச்சு விடாதவர்கள். தையல்காரர் வேதமணி, பாட்டுக் கூட்டத்து ஆனந்தபாய், தபால் கொண்டுவரும் சுந்தரதாஸ். கைகள் ஒன்றையொன்று பார்த்து, வெட்கப்பட்டு, பிறகு வெட்கம் விட்டு எழுந்தன. கிருஷ்ணம்மா பாதி வரை தூக்கினாள். அப்புறம் மனசாட்சி இடம் கொடுக்காமல் கீழே போட்டுவிட்டாள்.

சத்தியதாஸ் வரிசைகளுக்கு இடையில் நடந்து எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. வலது கை கால்சட்டைப் பைக்குள் எதையோ துழாவிக்கொண்டே இருந்தது. விமலகுமாரியின் முன்னால் வந்ததும் நின்றார். அவள் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. நகர்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். முதலில் புன்னகை வந்தது. அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இவிடெ கலகம் ஒந்நும் இல்ல. வட்டாணு," என்றார். கலகம் இல்லை, கிறுக்கு. தெற்றிவிளையிலிருந்து ஒரு ஆள்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை, அன்று மாலை ஊர் முழுவதும் ஆகாயம் பார்த்துக்கொண்டிருந்தது, மேலே இப்படியே சொல்லிவிடலாம் என்று ஜீப்பில் ஏறினார். வரியை மட்டும் அந்திக்குள் கட்டிவிட வேண்டும்.

அந்திக்குள் எல்லாரும் கட்டினார்கள். சுயம்பு முதல் ஆளாகக் கட்டினான். கதவுகளில் இருந்த மஞ்சளை அடுத்த மழை கழுவியது.

வீட்டில் விஜயதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜீப் சத்தமும் சிரிப்புச் சத்தமும் அவனுக்குக் கேட்டிருந்தன.

"சூளைக்குப் போனவங்க ஆருன்னு கேட்டாவளா?"

"கேட்டாவ."

"தூக்கினியா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப எனக்க கைய எங்க வச்சிட்டு வந்தே அக்கா?"

அதற்குப் பிறகு அவன் கஞ்சிக்கு உப்பு வேண்டும் என்றுகூட அவளிடம் கேட்கவில்லை. உப்பில்லாமல் குடித்தான்.

நாகர்கோவில்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார், எத்தனை கை என்று கேட்டு. எண்ணிக்கை யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணியது யார் என்றும் தெரியவில்லை. கூட்டமா, எந்தக் கூட்டம் என்று ஹெட்மாஸ்டர் ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த ஐப்பசியில் கோடு விழுந்தது. கமிஷன் சொன்ன இடத்திலேயே விழுந்தது. அந்தப் பக்கம் வெடி போட்டார்கள், இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விமலகுமாரிக்கு நிரந்தர உத்தரவு அதே வாரம் வந்தது. தூரத்து வெடிச் சத்தத்தைத் தனக்காகப் போட்டதாக நினைத்துக்கொள்ள அவள் முயன்று பார்த்தாள். முடியவில்லை.

விஜயதாஸ் குழித்துறையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். ஒரு வருஷத்தில் அவன் அவளிடம் சொன்ன நீளமான பேச்சு அது.

"அங்க உனக்கு ஆரு கஞ்சி வைப்பா?"

"உப்பு போட்டு வைப்பாவ."

களியக்காவிளைச் சாலையில் புதிதாக ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சத்தியதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலை வெயிலில் புதுத் தொப்பி மினுங்கியது. வேறு ஆள் நடமாட்டம் இல்லை.

"கெட்டில் எந்தா?" என்று மூட்டையைக் காட்டிக் கேட்டார்.

"ரெண்டு வேட்டி, ஒரு போர்வை," என்றான் விஜயதாஸ்.

சத்தியதாஸ் மூங்கிலைத் தூக்கினார். ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்துக்கொண்டு விஜயதாஸ் கோட்டைத் தாண்டினான். அந்தப் பக்கம் காத்திருந்த மாட்டு வண்டியில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி வளைவில் மறையும் வரை மூங்கில் தூக்கியபடியே இருந்தது. பிறகு இறங்கியது.

விமலகுமாரிக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. கேட்கிறவர் போலீஸ் என்பதும் மறந்துபோயிற்று. உத்தரவு வந்தாயிற்று, இனி யார் என்ன செய்ய முடியும்?

"நான் ஒரு பொய் சொன்னேன் சார்," என்றாள். "அண்ணைக்கு வெளிச்சம் ஒண்ணும் வரல்ல. நான் சூளைக்குத்தான் போனேன். வேலை போயிருமேன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். நான் ஒருத்தி பயந்தா, இந்த ஊருக்கு என்ன வந்தது? இல்லாத வெளிச்சத்தப் பாத்தேன் பாத்தேன்னு கை தூக்கினானுவளே. மூளை கெட்ட ஊரு. இதுக்க நூறில ஒரு ஆளு அந்தக் கூட்டத்துக்கு வந்து நிண்ணிருந்தா, எனக்க தம்பி இண்ணைக்கு இப்பிடி நொண்டிட்டுப் போவானா?"

சத்தியதாஸ் இருமினார். தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்தார். சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பையில் கை விட்டு, எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நாள்பட்டுத் தேய்ந்து பளபளத்த ஒரு புளியங்கொட்டை.

அவர் வாயிலிருந்து தமிழ் வந்து அவள் கேட்டது அது இரண்டாம் தடவை என்று, அவர் பேசி முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு நாளும் கை எண்ணினது நானாக்கும் டீச்சர். சூளையில நீட்டின கையெல்லாம் முற்றத்திலயும் எழும்பிச்சு. இந்த ஒரு கொட்டைதான் மிஞ்சிச்சு, உங்க தம்பிக்கது."